எட்டுப் பெட்டிகள், ஒரே பாட்டு

(யூபிலி விழாவுக்கு முந்திய ஞாயிறு மாலையில், பாடற்குழுவினருக்கும் இளைஞர்களுக்கும் பங்குத் தந்தை ஆற்றிய உரை. விழிதியூர்ப் பங்கு மக்கள் அனைவரும் படிக்கும்பொருட்டு இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

 



யூபிலியை முன்னிட்டு ஆலயத்துக்கு வெள்ளையடித்தோம். கொடிமரத்துக்கு வண்ணம் பூசினோம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். காதுக்கு மட்டுமே தெரிகிற ஒரு வேலையும் கடந்த சில மாதங்களாக நடந்து வந்தது. மாலை வேளைகளில் ஆலயத்துக்குள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் சத்தம் கேட்டு, "உள்ளே என்ன சாமி நடக்குது?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். "கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்" என்று சொல்லி வந்தேன். இன்று அந்தக் கடனைத் தீர்க்கிறேன். பங்கின் பணமும் இதில் செலவாகியிருப்பதால், இது ஒரு வகையில் கணக்கு ஒப்புவித்தலும் ஆகும்.

நம் இளைஞர்கள் கணிப்பொறியைக் கொண்டு ஒரு பியானோவைச் செய்திருக்கிறார்கள். அதன் ஒலி எட்டுத் தனித்தனி வழிகளில், அதாவது எட்டு சேனல்களில், ஆலயத்தின் வெவ்வேறு இடங்களுக்குப் போகிறது. இதை ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம், எங்கே தவறினோம் என்று மூன்றாகச் சொல்கிறேன்.

ஏன் இந்த வேலை?

நான் இந்தப் பங்குக்கு வந்த புதிதில் பீடத்தின் இருபுறமும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள் நின்றன. பாட்டும் தாளமும் அவற்றின் வழியே முழங்கின. முன் வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின் வரிசையில் இருந்தவர்களுக்கோ சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை. நான் பீடத்திலிருந்து பார்ப்பேன். நூறு பேர் நின்றால் உதடு அசைவது பத்துப் பேருக்குத்தான். மற்றவர்கள் கச்சேரி கேட்பதுபோல் நின்றார்கள்.

ஒருநாள் பூசை முடிந்ததும் ஒரு பாட்டியிடம், "முன்பெல்லாம் நன்றாகப் பாடுவீர்களாமே, இப்போது ஏன் பாடுவதில்லை?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா நான் பாடுறது எனக்கே கேக்கலையே! அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அன்பர்களே, அந்த ஒரு வாக்கியம்தான் இந்த வேலை முழுவதுக்கும் விதை. குருமடத்தில் வழிபாட்டு இசையைப் பற்றிப் பல பாடங்கள் படித்திருக்கிறேன். அந்தப் பாட்டி எனக்கு அவற்றையெல்லாம் ஒரே மூச்சில் நினைவூட்டிவிட்டார்.

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது? திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், தூய செசிலியம்மாள் திருநாளன்று, திருவழிபாட்டு இசை பற்றி ஒரு மடல் வெளியிட்டார். அதில் பியானோவை ஆலயத்தில் வாசிக்கக் கூடாது என்றே தடை விதித்திருந்தார். ஆம், நாம் இன்று செய்து வைத்திருக்கும் அதே பியானோவைத்தான்! அந்நாளில் ஐரோப்பாவில் பியானோ என்றால் நாடகக் கொட்டகையும் விருந்து மண்டபமும்தான் நினைவுக்கு வரும். அந்த வாடை ஆலயத்துக்குள் வீசக் கூடாது என்பது அவர் கவலை. 1958-இல் வெளிவந்த உரோமைப் போதனை ஒன்று மின்சார ஆர்கனைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் இசைத்தட்டு, வானொலி, ஒலிப்பதிவுக் கருவி போன்று தாமாக ஒலிக்கும் இயந்திரங்களுக்குத் திருவழிபாட்டில் இடமில்லை என்றும் உறுதியாகச் சொன்னது.

பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனுக்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டு, தூய பணிக்குத் தகுதியான மற்ற இசைக் கருவிகளையும் உரிய அதிகாரிகளின் சம்மதத்தோடு ஏற்கலாம் என்று கதவைத் திறந்தது. 1967-இல் வந்த இசை பற்றிய போதனை இன்னும் ஒரு படி விளக்கமாகப் பேசியது. இசைக் கருவி குரலுக்குத் துணை நிற்க வேண்டும். பாட்டின் சொற்கள் விளங்காதபடி அது மக்கள் குரலை அமுக்கிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. நம் பாட்டி இதைப் படித்தவரல்லர். ஆனால் இதைத்தான் அவர் தம் வாயால் சொன்னார்.

ஆகவே நாம் தேடியது சத்தம் அதிகமான கருவியை அல்ல. ஒவ்வொருவருக்கும் அருகில், தணிந்த குரலில் துணை நிற்கும் கருவியை.

பியானோ பிறந்த கதை

பிரான்சில் வாழும் நம் பங்குக் குடும்பம் ஒன்று இங்குள்ள தங்கள் வீட்டில் ஒரு டிஜிட்டல் பியானோ வைத்திருந்தது. வீடு பூட்டியே கிடந்தது. நம் கடற்கரைக் காற்றின் உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். அந்தப் பியானோவின் ஒலி எழுப்பும் மின்பலகை முழுவதும் பூத்துப்போயிற்று. ஆனால் அதன் 88 கட்டைகளும் நன்றாக இருந்தன. "குரல் போயிடுச்சு, கை கால் நல்லாத்தான் இருக்கு சாமி" என்றார் நம் தம்பிகளில் ஒருவர். அந்தக் குடும்பத்தார் மனமுவந்து அதை ஆலயத்துக்குக் கொடுத்தார்கள்.

இத்தகைய பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் தொடுப்பான்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். விரல் அழுத்தும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும். அந்த இடைவெளி நேரத்தை அளந்து, விரல் மென்மையாக விழுந்ததா, பலமாக விழுந்ததா என்று கருவி கண்டுகொள்ளும். அந்தச் செய்தியை எண்களாக்கி அனுப்பும் பொது மொழிக்கு மிடி என்று பெயர். 1983-இல் அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இகுதாரோ காகெஹாஷி ஆகியோரின் முயற்சியால் பல கம்பெனிகள் ஒத்துக்கொண்டு ஏற்படுத்திய மொழி அது. கட்டை அழுத்தும் வேகத்தை அது 0 முதல் 127 வரையான எண்ணால் சொல்லும். போட்டியாளர்களான கம்பெனிகள் கூடிப் பேசி ஒரே மொழியை ஏற்றார்கள் என்பதே நமக்கெல்லாம் ஒரு பாடம்!

கட்டை சொல்லும் எண்ணைக் கேட்டு ஒலியை எழுப்புவது கணிப்பொறியின் வேலை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நல்ல பியானோவின் சுரங்களை முன்பே பதிவு செய்து வைத்துக்கொண்டு வேண்டியபோது எடுத்துக் கொடுப்பது. சாலமாண்டர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு தொகுப்பு அத்தகையது. யமகா சி5 என்னும் பெரிய பியானோவை 16 வித அழுத்தங்களில் பதிவு செய்தது அது. நாங்கள் முதலில் அதைக் கொண்டுதான் தொடங்கினோம். மற்றொன்று, பதிவே இல்லாமல், தந்தி எப்படி அதிரும், மரப்பலகை எப்படி முழங்கும் என்பதை அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குவது. பிரான்சில் துலூஸ் நகரத்து மோதார்த் என்னும் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட பியானோடெக் அத்தகையது. நம் தஞ்சைத் தரணிக்காரர்களுக்கு விளங்கும்படி சொன்னால், முதலாவது குதிரில் சேர்த்து வைத்த நெல்லை அளந்து போடுவது. இரண்டாவது அப்போதைக்கப்போது விதைத்து விளைவித்துக் கொடுப்பது. இரண்டிலும் சோறு ஆகும். இரண்டாவதில் நமக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விரலுக்கும் காதுக்கும் இடையில்

முதல் நாள் வாசித்தபோது பெரிய ஏமாற்றம். கட்டையை அழுத்தினால் ஒலி சற்றுத் தாமதித்து வந்தது. வாசித்த பெண், "வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு சாமி" என்று கையை எடுத்துக்கொண்டார்.

காரணம் இதுதான். கணிப்பொறி ஒலியை விநாடிக்கு 48,000 துணுக்குகளாகச் செய்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாமல், கட்டுக் கட்டாகக் கட்டி வைத்து அனுப்புகிறது. கட்டுக்கு 1024 துணுக்குகள் வீதம் மூன்று கட்டுகள் வரிசையில் நின்றால் 64 மில்லி விநாடி தாமதமாகும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். எனவே 64 மில்லி விநாடி என்பது 22 மீட்டர் தள்ளி நிற்கும் பியானோவை வாசிப்பதற்குச் சமம். கட்டுக்கு 128 துணுக்குகளாகக் குறைத்தோம். தாமதம் 8 மில்லி விநாடி ஆயிற்று. அதாவது மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம். மறுநாள் அதே பெண் வாசித்துவிட்டு, "இப்ப என் கைக்குள்ள இருக்கு" என்றார். கட்டு சிறிதானால் கணிப்பொறிக்கு ஓய்வு குறையும். வேறு வேலை எதையும் அதன் தலையில் வைக்கக் கூடாது. ஆகவேதான் அந்தக் கணிப்பொறியில் படம் பார்ப்பதும் கடிதம் அடிப்பதும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

எட்டு வழிகள் எதற்கு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய ஒலிபெருக்கியிலிருந்து புறப்படும் ஒலி, திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் இருப்பவருக்கும் 24 மீட்டரில் இருப்பவருக்கும் 18 டெசிபல் வித்தியாசம். ஆலயத்துக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் சத்தம் அவ்வளவு குறையாது. ஆனால் பின்னால் போகப் போகத் தெளிவு போய் எதிரொலியே மிஞ்சும். பின்னால் இருப்பவருக்காக முன்னால் கூட்டினால் முன்னவருக்குக் காது வலி, பின்னவருக்கு இரைச்சல். ஆகவே ஒரு பெரிய வாய்க்குப் பதில் பல சிறிய வாய்கள் தேவை.

இந்த யோசனை எங்கள் சொந்தச் சரக்கு அன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்க் போன்ற கணிப்பொறி ஆர்கன்களை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். உண்மையான குழல் ஆர்கனில் ஒவ்வொரு குழலும் தனக்குரிய இடத்தில் நின்று பாடுகிறது. ஒலிகள் காற்றில்தான் கலக்கின்றன. எல்லாவற்றையும் இரண்டே ஒலிபெருக்கிகளுக்குள் திணித்தால் அந்த உயிர் போய்விடுகிறது. ஆகவே அவர்கள் குழல்களைப் பல சேனல்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பியானோவிலும் அப்படியே. அதன் கட்டைச் சுரமும் உச்சச் சுரமும் பலகையின் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

பியானோடெக்கின் உயர்ந்த பதிப்புகளில் கணக்கிலேயே ஐந்து ஒலிவாங்கிகள் வரை பியானோவைச் சுற்றி வைத்து, ஒவ்வொன்றின் ஒலியையும் தனியாக எடுக்கலாம். நான் சொன்ன பெரிய வசதி அதுதான். நாங்கள் ஒன்றைக் கட்டைச் சுரப் பக்கமும், ஒன்றை உச்சச் சுரப் பக்கமும், ஒன்றை வாசிப்பவரின் காதருகிலும், இரண்டைச் சற்றுத் தள்ளியும் வைத்தோம். ஜாக் என்ற இலவச மென்பொருள், பழைய தொலைபேசி நிலையத்து இணைப்புப் பலகையைப்போல, எந்த ஒலி எந்த வழியில் போக வேண்டும் என்று கோத்துக் கொடுக்கிறது.

முதல் இரண்டு சேனல்கள் பியானோவின் உடலுக்குள்ளேயே இருக்கும் இரு பெட்டிகளுக்கு. மூன்றாவது வாசிப்பவருக்கு. நான்காவது, முதல் இரண்டையும் கலந்து, பாடற்குழுவுக்கு. ஐந்தும் ஆறும் ஆலயத்தின் நடுப்பகுதியில் இருபுறத் தூண்களுக்கு. ஏழும் எட்டும் பின்பகுதிக்கு. எட்டும் சிறிய பெட்டிகளே. எட்டும் முணுமுணுப்பவைதான், எதுவும் கத்துவதில்லை.

நடுவில் உள்ள பெட்டிகள் பியானோவிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கின்றன. பியானோவின் நேர் ஒலி அங்கே வந்து சேர 29 மில்லி விநாடி ஆகும். மின்கம்பி வழியே வரும் ஒலியோ உடனே வந்துவிடும். அப்படி விட்டால் பக்கத்துத் தூண்தான் பாடுவதாகத் தோன்றும். ஆகவே நடுப் பெட்டிகளுக்கு 39 மில்லி விநாடியும், 20 மீட்டர் தள்ளியிருக்கும் பின் பெட்டிகளுக்கு 67 மில்லி விநாடியும் தாமதம் கொடுத்தோம். நேர் ஒலி முதலில் வந்து, துணை ஒலி 10 மில்லி விநாடி பிந்தி வந்தால், நம் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, முந்தி வந்த திசையிலிருந்தே கேட்பதாக உணரும். ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை ஆராய்ந்து எழுதினார். அருகில் ஒலிக்கும் பெட்டி தன்னை மறைத்துக்கொண்டு பீடத்தின் பக்கமே நம் கவனத்தைத் திருப்புகிறது. திருமுழுக்கு அருளப்பரின் மனநிலை அதுதான் அல்லவா?

எங்கே தவறினோம்?

தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். மற்றப் பங்குகளில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

முதல் தவறு சிக்கனம். எட்டு வழிகள் உள்ள ஆடியோ பெட்டி ஒன்று வாங்குவதற்குப் பதிலாக, விலை மலிவான நான்கு சிறிய சவுண்டு கார்டுகளைச் செருகினோம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனிக் கடிகாரம். ஒன்று விநாடிக்கு 48,000 என்றால் மற்றொன்று 48,001 என்று ஓடும். ஒரே ஒரு துணுக்குத்தானே என்று எண்ண வேண்டாம். ஒரு மணி நேரத்தில் 3600 துணுக்குகள். அது 75 மில்லி விநாடி. பூசை தொடங்கும்போது ஒன்றாக இருந்த பெட்டிகள் கடைசி ஆசீர் வரும்போது பிரிந்து நிற்கும்! கடைசியில் ஒரே கடிகாரத்தில் எட்டு வழிகளும் ஓடும் ஒரு பெட்டியையே வாங்கினோம். முதலில் செலவழித்த பணம் வீண். அதற்கு நானே பொறுப்பு. ரசீதுகள் எல்லாம் பங்குப் பேரவைக் கணக்கேட்டில் இருக்கின்றன, எவரும் பார்க்கலாம்.

இரண்டாவது தவறு சிறியது. ஒரு பெட்டியின் கூட்டல் கழித்தல் ஒயர்கள் மாறிவிட்டன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது பக்கத்துப் பெட்டி இழுத்தது. கட்டைச் சுரங்கள் காணாமல் போயின. ஒன்றரை வோல்ட் பாட்டரியை ஒரு கணம் ஒயரில் தொட்டால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வருகிறதா, பின்னே போகிறதா என்று தெரிந்துவிடும். அப்படிக் கண்டுபிடித்தோம்.

மூன்றாவது தவறு உயிரோடு விளையாடியது. எல்லாம் இணைத்தபின் "ஹ்ம்ம்" என்ற உறுமல் நிற்கவேயில்லை. பியானோ ஒரு பக்கத்துப் பிளக்கிலும் ஆம்ப்ளிபயர் மறுபக்கத்துப் பிளக்கிலும் இருந்ததால், இரண்டு எர்த்துகளுக்கிடையில் மின்சாரம் சுற்றி வந்து 50 ஹெர்ட்ஸில் உறுமியது. எங்களில் ஒருவர் பிளக்கின் மூன்றாம் முள்ளை உடைத்துவிட்டார். உறுமல் நின்றது, எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். இரண்டு நாள் கழித்து மழையில் நனைந்த தரையில் நின்றுகொண்டு ஒரு தம்பி ஆம்ப்ளிபயரைத் தொட்டார், தூக்கி எறிந்தது. ஆண்டவர் காத்தார், கையில் காயத்தோடு போயிற்று. இளைஞர்களே, எர்த் முள்ளை ஒருநாளும் உடைக்காதீர்கள். இப்போது எல்லாக் கருவிகளும் ஒரே பலகையிலிருந்து, சரியான எர்த்தோடும் மின்கசிவைக் கண்டதும் அறுத்துவிடும் பிரேக்கரோடும் ஓடுகின்றன. உறுமலுக்கு மருந்தாக ஒலி வரும் கம்பியில் தடுப்பு டிரான்ஸ்பார்மர் வைத்தோம்.

நான்காவது தவறு என்னுடையது. அதற்கு எந்தக் கருவியிலும் மருந்து இல்லை.

நம் ஆலயத்தில் நாற்பது ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசித்து வரும் பெரியவரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். இந்தப் பியானோவைப் பற்றி நான் பங்குப் பேரவையில் பேசினேன், இளைஞர்களிடம் பேசினேன், அவரிடம் பேசவில்லை. ஒருநாள் அவர் ஆர்மோனியப் பெட்டியை மூடித் துணி போர்த்திவிட்டுப் போய்விட்டார். இரண்டு ஞாயிறு பாடற்குழுவுக்கு வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, பிறகு சொன்னார்: "பொட்டி பழசுதான் சாமி. நானும் பழசுதான். ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் முன்னாலும் கேட்கிறேன்.

ஆர்மோனியமும் ஒரு காலத்தில் புதிதாய் வந்ததுதான். பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் அதற்கு உரிமம் பெற்றார். இங்கே வந்து, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும் வடிவம் எடுத்து, நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கியே வைத்திருந்தது. நம் கோவில்களும் பஜனை மடங்களும் அதை விடவில்லை. வானொலி ஆர்மோனியத்துக்குச் செய்ததை நான் அந்தப் பெரியவருக்குச் செய்துவிட்டேன்.

அவர் மறுநாள் வந்தார். ஆர்மோனியத்தையும் பியானோவையும் சேர்த்து வாசித்துப் பார்த்தோம். சுருதி சேரவில்லை. ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகளை அரம் கொண்டு இழைத்தால்தான் அதன் சுருதி மாறும். கணிப்பொறியிலோ ஓர் எண்ணை மாற்றினால் போதும். எனவே பியானோவை ஆர்மோனியத்தின் சுருதிக்கு இறக்கினோம். புதியது பழையதுக்கு இணங்கி வந்தது. அதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

அதன்பின் ஒலியின் அளவை நிர்ணயிக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தோம். அளவுக் கருவிகள் இருந்தன. ஆயினும் அவர் காதையே நம்பினோம். அவர் ஒவ்வொரு வரிசையிலும் உட்கார்ந்து, மெல்லிய குரலில் ஒரு பாட்டை முனகிப் பார்ப்பார். தம் முனகல் தமக்குக் கேட்கவில்லையென்றால், "கொறைங்க தம்பி" என்பார். குறைப்பார்கள். "இன்னும் கொறைங்க." அப்படி முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை மூன்று மாலைகள். இன்று எட்டுப் பெட்டிகளும் நிற்கும் அளவு அவர் வைத்த அளவு. அதை யாரும் தொடக் கூடாது.

மின்சாரம் போன மாலை

சென்ற மாதம் நவநாள் பூசையில் காணிக்கைப் பாட்டின் நடுவே மின்சாரம் போயிற்று. கணிப்பொறிக்கு யு.பி.எஸ். இருந்தது, ஆம்ப்ளிபயருக்கு இல்லை. எட்டுப் பெட்டிகளும் ஒரே கணத்தில் மௌனமாயின. பழைய நாளாயிருந்தால் பாட்டும் அதோடு நின்றிருக்கும். அன்று நிற்கவில்லை. பின் வரிசை சற்றுப் பின்தங்கியது. சுருதி கொஞ்சம் இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஆனாலும் பாட்டு முழுவதும் பாடி முடிக்கப்பட்டது. மின்விசிறியும் நின்றுவிட்டதால் ஒவ்வொரு குரலும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. நான் முன்பு கேள்வி கேட்ட அந்தப் பாட்டியின் குரலும் அதில் இருந்தது.

பியானோ சரியாக வேலை செய்கிறது என்று அது மௌனமான அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தூய பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் குழலையும் யாழையும் பற்றிப் பேசுகிறார். சுரங்கள் வேறுபாடு தெரிய ஒலிக்காவிட்டால் வாசிப்பது இன்னதென்று எவருக்கும் விளங்காது என்பது அவர் வாதம். அதற்கு இரண்டு அதிகாரம் முன்னே, உறுப்புகள் பலவாயினும் உடல் ஒன்றே என்கிறார். எட்டுப் பெட்டிகளுக்கும் எட்டு வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ய முற்பட்டால் உறுமல்தான் மிஞ்சும். பங்கு வாழ்வும் அப்படியே அல்லவா?

மூன்று வேண்டுகோள்கள்

முடிக்குமுன் மூன்று காரியங்கள் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: இந்தக் கணிப்பொறியால் ஆளே இல்லாமல் பாட்டு முழுவதையும் தானாக வாசிக்க முடியும். அதை ஒருநாளும் செய்ய வேண்டாம். விரல் படாமல் அதிலிருந்து ஒலி வரக் கூடாது. வாசிக்க ஆள் இல்லாத நாளில் கருவி இல்லாமலே பாடுவோம். இதற்காகவே சிறுவர் சிறுமியர் ஆறு பேருக்குச் சனிக்கிழமைதோறும் பயிற்சி தொடங்கியிருக்கிறோம். இன்னும் வருவோர் வரலாம்.

இரண்டு: புனித வியாழன் பூசையில் உன்னதங்களிலே பாடியபின், பாஸ்காத் திருவிழிப்பில் அது மீண்டும் பாடப்படும் வரை பியானோ மூடியிருக்கும். தவக்காலத்தில் பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கும். மௌனமாக இருக்கத் தெரிந்த கருவியே ஆலயத்துக்கு ஏற்ற கருவி.

மூன்று: பாடுங்கள். சுருதி தப்பினாலும் பாடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி பாடுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே கேட்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

உப்புக் காற்றில் உழைத்துச் சலிக்காமல் ஒயர் இழுத்த தம்பிகளுக்கும், பியானோவைத் தந்த குடும்பத்தாருக்கும், காதைத் தந்த பெரியவருக்கும், உண்மையைச் சொன்ன பாட்டிக்கும் என் நன்றி. யூபிலித் திருப்பலியில் பியானோவும் ஆர்மோனியமும் சேர்ந்தே ஒலிக்கும். ஆர்மோனியத்தின் முன்னால் யார் உட்காரப் போகிறார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவில் அன்புள்ள,
உங்கள் பங்குத் தந்தை,
விழிதியூர்.